இரண்டு ஊரில் ஒரே முகவரி

காரைக்குடியில் ஒரு கேபிள் இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். "நெட் வரல" என்று வரும் புகார்களில் பல, லைன் கோளாறே இல்லை. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியை (ஐபி) எடுத்துச் சொல்லும் டிஎன்எஸ் பதில் சொல்லாததுதான் காரணம். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் போனில் சொன்னார்: "தம்பி, சிங்கப்பூர்ப் பேரன் வீடியோவுல நல்லாப் பேசுறான், பேங்க் மட்டும் திறக்க மாட்டேங்குதே." ஏற்கெனவே போட்ட இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக ஒரு பெயரைத் தேடும்போதுதான் சிக்கும்.

இதற்கு எனிகாஸ்ட்டை விட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பல இடங்களில் உள்ள சர்வர்களுக்கு ஒரே ஐபி முகவரியைக் கொடுத்து, எல்லா இடத்திலிருந்தும் அதை ரூட்டிங்கில் (பாக்கெட்டுக்கு வழி காட்டும் ஏற்பாட்டில்) அறிவிப்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஒரே விலாசத்தில், அதாவது ஒரே கடைப் பெயரில், செட்டியார் கடை நடந்த மாதிரிதான். பக்கத்துக் கடையிலேயே காரியம் முடியும். டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் (root) சர்வர்களுக்குப் பெயர்கள் 13தான், பின்னால் இருப்பவை ஆயிரத்துக்கும் மேல். 2002 அக்டோபரில் அந்த 13 மீதும் ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. அதற்கப்புறம் எனிகாஸ்ட் அங்கே வேகமாகப் பரவியது. இப்போது தாக்குதல் வெள்ளம் ஒரே இடத்தில் குவியாமல் அங்கங்கே பிரிந்துவிடும்.

எங்கள் அளவுக்கு, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி வரை போகத் தேவையில்லை. காரைக்குடியில் ஒரு டிஎன்எஸ் சர்வர், தேவகோட்டையில் ஒன்று. இரண்டின் லூப்பேக்கிலும் (எந்திரத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் இணைப்பு முனை) ஒரே முகவரி, ஒரே நெட்வொர்க்குக்குள் வழி சொல்லும் ஓஎஸ்பிஎஃப் வழியாக அறிவிப்பு. ஒன்று விழுந்தால் மற்றது சில நொடிகளில் ஏற்றுக்கொள்ளும். வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டரில் எதையும் மாற்ற வேண்டாம். பராமரிப்புக்கும் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் ஒரு பக்கத்து ரூட்டை (route, வழி அறிவிப்பு) எடுத்துவிட்டு அப்கிரேட் செய்யலாம்.

ஆனால் டிஎன்எஸ் மென்பொருள் மட்டும் உறைந்து, எந்திரம் உயிரோடு இருந்தால்? ஓஎஸ்பிஎஃப்புக்கு அது தெரியாது. ரூட் அப்படியே நிற்கும், அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் எல்லோரும் பதில் இல்லாத இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஸ்கிரிப்ட், சில நொடிகளுக்கு ஒருமுறை தன்னிடமே ஒரு பெயரைக் கேட்டு, பதில் வராவிட்டால் ரூட்டை விலக்கிக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் எனிகாஸ்ட்டைத் தொடவே கூடாது என்பேன். கேட்கும் பெயர் நம் சர்வரிலேயே இருக்கும் பெயராக இருக்கட்டும். வெளிப் பெயரைக் கேட்டால், வெளி லைன் போகும்போது இரண்டு ஊரும் சேர்ந்து விலகிக்கொள்ளும்.

வெளியில் இருக்கும் 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) போன்ற எனிகாஸ்ட் டிஎன்எஸ்களில் 'பக்கத்தில்' என்பது கிலோமீட்டர் கணக்கு அல்ல. பிஜிபிக்குத் தூரம் தெரியாது, யாருடைய நெட்வொர்க் வழியாகப் போகலாம் என்பதுதான் தெரியும். சென்னையிலேயே சர்வர் இருந்தாலும், நமக்கு லைன் தருபவர் அங்கே அதோடு இணையவில்லை என்றால் பாக்கெட் (தரவுத் துண்டு) மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடும். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். சென்னை நமக்கு 400 கிலோமீட்டர் சொச்சம். போய்வர 4 மில்லிநொடி, வழியில் உள்ள ரவுட்டர்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். போய்வரும் நேரத்தை அளக்கும் பிங்கில் 40 மில்லிநொடிக்கு மேல் வந்தால், லைன் தருபவரிடம் பாக்கெட் போன வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டோடு போய்ப் பேசுவேன்.

முகவரி ஒன்றே என்பதால், புகார் வரும்போது எந்த எந்திரம் பதில் சொன்னது என்பது வெளியே தெரியாது. அதற்காக இரண்டு சர்வரிலும் ஐடி.சர்வர் (id.server) என்ற டிஎன்எஸ் கேள்விக்கு ஊர்ப் பெயரைப் பதிலாக வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் லைனிலிருந்து முதலில் அதைத்தான் கேட்டுப் பார்க்கிறோம்.