மாத்திரையும் வாழைப்பழத் துண்டும்

எங்கள் பொமரேனியனுக்கு 11 வயது. இன்னும் வாசல் மணிக்குப் பாய்ந்து ஓடுகிறான். ஆனால் இதய வால்வு கசிகிறது, இதயம் பெருத்திருக்கிறது, பைமோபென்டான் என்ற இதய மாத்திரை தொடங்கலாம் என்றார் டாக்டர். நன்றாக ஓடியாடுபவனுக்கு எதற்கு என்று தேடிப் படித்தேன்.

2016இல் வெளியான எபிக் ஆய்வு. 11 நாடுகள், இதே நிலையில் இருந்த 360 நாய்கள். பாதிக்குப் பைமோபென்டான், மீதிக்கு வெற்று மாத்திரை. எந்த நாய்க்கு எது என்பது டாக்டர்களுக்கே தெரியாது. மருந்து எடுத்த நாய்களுக்கு இதயச் செயலிழப்போ அதனால் மரணமோ வருவது ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. பலன் தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

நாயின் ஆயுளில் 15 மாதம் சின்னக் கணக்கா? சரி, தொடங்கியாச்சு. பயல் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புகிறான்.