நடுவில் எதற்கு ஜி.729?

மார்ச் 10, திங்கள்

புதிதாகப் பொறுப்பெடுத்த கொழும்பு வெள்ளவத்தைக் கந்தோரில் முதல் முறைப்பாடு, வாடிக்கையாளர் பிரிவு அக்காவிடமிருந்து. "தம்பி, யாழ்ப்பாணக் கிளைக்கு மாத்திவிடுற கோல் எல்லாம் தகர டப்பாவுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. பில் நம்பரைக்கூடத் திருப்பித் திருப்பிக் கேக்கினம்."

இணைப்பைப் பார்த்தேன். குரலைத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும் பக்கெட்டுகளில் இழப்பு இல்லை, அவை ஒழுங்கில்லாமல் வந்துசேரும் ஜிட்டரும் இல்லை. அப்போ சந்தேகம் கோடெக்கில்தான், குரலை டிஜிட்டலாக்கி அனுப்பும் முறையில்.

மார்ச் 11, செவ்வாய்

கோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கந்தோரின் தொலைபேசி சேர்வரான ஆஸ்டரிஸ்க்கில் அந்தக் கோலின் சேனலைத் திறந்து பார்த்தேன். தொலைபேசி நிறுவனத்தோடு சேரும் வெளி இணைப்பில், அதாவது வெளி ட்ரங்க்கில், ஏ-லோ என்ற வழமையான தொலைபேசிக் கோடெக். இங்கிருந்து யாழ்ப்பாணச் சேர்வருக்குப் போகும் வழியில் ஜி.729 என்ற, இறுக்கிச் சுருக்கும் கோடெக். அங்கே மேசைப் போன்களில் மறுபடி ஏ-லோ! இரண்டு முனையும் ஒன்றாயிருக்க, நடுவில் ஒரு தடவை சுருக்கி ஒரு தடவை விரிக்கிறார்கள். ஜி.729 குரலை விநாடிக்கு 8 கிலோபிட்டுக்குள் அடக்க நிறைய விடயத்தைக் கழித்துவிடும். பிறகு 64 கிலோபிட் ஏ-லோ ஆக்கினாலும் கழித்தது திரும்பி வராது. போதாததற்கு 10 மில்லிசெக்கன் பிரேம், அதற்கு மேல் அடுத்த துண்டை எட்டிப்பார்க்க 5 மில்லிசெக்கன் முன்பார்வை என்று தாமதமும் சேரும்.

ஏடிஎஸ்எல் என்ற மெதுவான செப்புக்கம்பி இணையக் காலத்தில் யாரோ போட்டுவைத்தது. அப்போது அது நியாயம். இப்போது இரண்டு பக்கமும் பைபர். மிச்சம் பிடிப்பதும் நினைக்கிற அளவு இல்லை: 20 மில்லிசெக்கன் பக்கெட்டில் ஜி.729 குரல் 20 பைட், அதன் தலையில் ஐபி, யூடிபி, ஆர்டிபி என்று வழிகாட்டும் தலைப்புகளே 40 பைட். ஆக ஒரு திசைக்கு விநாடிக்கு 24 கிலோபிட். ஏ-லோவுக்கு 80. பத்துக் கோல் ஒன்றாகப் போனாலும் ஒரு மெகாபிட் வராது.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர் பூட்டு, கை வைக்க நல்ல நாள். சேர்வர்களுக்கு இடையிலான ட்ரங்க்கில் முதலில் எல்லாக் கோடெக்கையும் தடுக்க 'டிஸ்அலோவ் ஆல்', பிறகு ஒன்றை மட்டும் விட 'அலோவ் ஏ-லோ'. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏ-லோ மட்டும், மறுபக்கம் ஜி.729 மட்டும் என்றால் பொதுக் கோடெக் இல்லாமல் 488 என்ற மறுப்புச் செய்தி வந்து கோல் விழுந்துவிடும்.

கொழும்பு மேசைப் போன்களில் ஜி.722 என்ற கோடெக் முதலிடத்தில் இருந்தது, எச்டி குரலாம். வெளி ட்ரங்க்குக்கு ஏ-லோ தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் வெளிக் கோல் ஒவ்வொன்றிலும் சேர்வர் இருந்து மாற்றிக்கொண்டிருந்தது, கேட்பவருக்கு ஒரு இம்மியும் கூடவில்லை. ஏ-லோவை முதலில் போட்டேன். கந்தோருக்குள் கதைப்பவர்களுக்கு எச்டி போய்விடும்தான். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவே அப்படியென்ன கச்சேரியா நடக்கிறது?

மார்ச் 17, திங்கள்

சேனலில் 'ரைட் ட்ரான்ஸ்கோட்: நோ', அதாவது நடுவில் கோடெக் மாற்றம் இல்லை. அக்கா முறைப்பாடு சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை, அது அவருடைய சுபாவம்.

வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு ஓபஸ் கோடெக்கை அப்படியே விட்டேன். பக்கெட் தொலைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும், அங்கே ஒரு மாற்றம் தகும். கைப்பேசி வலையமைப்புக்குள் நடக்கும் ஏஎம்ஆர் என்ற கைப்பேசிக் கோடெக் மாற்றம் நம் கையில் இல்லை.

காத்திருப்பு இசை எம்பி3யாகக் கிடந்தது. அதையும் ஒரேயடியாக ஏ-லோ கோப்பாக்கிப் போட்டாயிற்று.