தங்கக் கார்பீனை ஒளிரவைத்த அனுபவம்

கார்பீன் (இரண்டு பிணைப்பு மட்டுமே கொண்ட கார்பன் அணு உள்ள மூலக்கூறு) என்றாலே, காற்று புகாத கிளவ் பாக்ஸ் இல்லாமல் ஆகாது என்று புதிதாக வருபவர்கள் மிரள்வார்கள். 1991-இல் வேதியியலாளர் ஆர்டுயெங்கோ கார்பீனைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார். ஆனால் எனக்குக் கைகொடுத்தது, 1998-இல் வாங், லின் இருவரும் வெளியிட்ட சில்வர் ஆக்சைடு வழிதான். கார்பீனுக்கு மூலமான பென்சிமிடசோலியம் உப்பையும் கறுப்பு சில்வர் ஆக்சைடையும் டைகுளோரோமீத்தேனில் போட்டு, ஃப்ளாஸ்கில் அலுமினியம் ஃபாயில் சுற்றி ஸ்டிரரில் விட வேண்டும். ஆக்சைடே காரமாக இருந்து புரோட்டானைப் பிடுங்கும், வெள்ளியையும் அதுவே கொடுக்கும்; உருவாகும் கார்பீன் அந்த வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். உப்பில் பருமனான கிளைகள் இருந்தால் கொஞ்சம் சூடும் தேவைப்படும். என்எம்ஆரில் (அணுக்களின் சூழலைக் காட்டும் காந்த அளவீடு) 9–10 பிபிஎம் பக்கம் தனித்து நின்ற, உப்பின் அந்தப் புரோட்டான் மறைந்தால் சரி, வேலை முடிந்தது.

அடுத்து டைமெத்தில் சல்ஃபைடு கோல்டு குளோரைடு. சேர்த்த கொஞ்ச நேரத்தில் சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படியும். செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடிகட்டினால், வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறிய கார்பீன், அதாவது தங்கக் கார்பீன், கரைசலில் இருக்கும். (நாற்றம் சகிக்காது, ஃபியூம் ஹூடை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.) அப்புறம் கார்பசோல் என்ற நைட்ரஜன் வளையச் சேர்மம், கூடவே பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு என்ற காரம். தங்கத்திலிருந்து குளோரைடு கழன்று கார்பசோல் ஒட்டிக்கொள்ளும்.

தயாரிப்பு இவ்வளவுதான். பொறுமையைச் சோதித்தது ஒளி அளவீடு. இந்தத் தங்கச் சேர்மத்தில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான் கார்பசோலிலிருந்து கார்பீனுக்குத் தாவுகிறது. சிங்லெட் (எளிதில் ஒளிவிடும் கிளர்நிலை), டிரிப்லெட் (ஆற்றல் அதிக நேரம் தங்கும் கிளர்நிலை) இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு என்பதால், டிரிப்லெட்டில் தங்கிய ஆற்றல் மறுபடி சிங்லெட்டுக்கு ஏறி ஒளியாக வெளிவருகிறது. இந்தத் தாமதத்துக்குள் ஆக்சிஜன் நுழைந்தால் எல்லாம் போச்சு. காற்றுபட்ட டொலுயீன் கரைசல் புறஊதா விளக்கின் கீழ் மங்கலாகத்தான் தெரிந்தது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெற்றிடத்தில் இழுத்து, உருகவிட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்தபின் அதே குவெட் (கரைசல் வைக்கும் அளவீட்டுக் குப்பி) பளீரென்று நீலமாக எரிந்தது.

பளீரென்று எரிந்ததை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது. மிச்சமிருக்கும் கார்பசோலும் ஒளிரும், அதுவும் குறைந்த அலைநீளத்தில், நானோவினாடிகளில் அணைந்துவிடும். அதனால் எக்சைட்டேஷன் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அலைநீளம் பட்டால் எவ்வளவு ஒளிர்கிறது என்ற வரைபடம்) உறிஞ்சல் ஸ்பெக்ட்ரத்தின் மேல் வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒட்டவில்லை. மறுபடிகமாக்கிய பிறகு பொருந்தின. வேகமாக அணையும் பகுதியும் மறைந்து, மைக்ரோவினாடி அளவிலான ஒரே சரிவு மிஞ்சியது. குவாண்டம் ஈல்டு (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு ஒளியாகத் திரும்புகிறது என்ற அளவு) எடுக்க அதன் பிறகுதான் போனேன்.