கண்டது, கேட்டது, ஐயப்பட்டது: பிரிவெனா அதிபர்களோடு ஐந்து மாதம்

கண்டியில் பிரிவெனா (விகாரையோடு சேர்ந்த பௌத்த பிக்குகளின் பள்ளி) அதிபர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சிக்கு வளவாளராக வர முடியுமா என்று கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த தமிழன், சைவன். சிங்களம் தடையில்லாமல் வரும், கணித ஆசிரியராகவும் பிறகு சேவைக்கால ஆலோசகராகவும் இருந்த அனுபவம் உண்டு, அவ்வளவுதான். பன்சலைக்குள் (பௌத்த விகாரைக்குள்) பள்ளி நடத்தும் பிக்குகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது? சரி, போய்ப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். இதே பொறுப்பு வேறு யாருக்காவது வரலாம், அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பிரிவெனா என்றதும் 1873இல் மாளிகாகந்தையில் தொடங்கிய வித்தியோதயவும், 1875இல் பேலியகொடையில் தொடங்கிய வித்தியாலங்காரவும் பலருக்கு ஞாபகம் வரும். இரண்டும் 1959இல் பல்கலைக்கழகமாகிவிட்டன. எங்களிடம் வந்தவர்களுடையவை அப்படிப் பெரியவை அல்ல. விகாரை வளவுக்குள் நான்கைந்து வகுப்பறை, சில பிக்கு ஆசிரியர்கள், சில சாதாரண ஆசிரியர்கள், பாளியும் சமஸ்கிருதமும் கணிதமும் படிக்கும் சிறு வயது சாமணேரர்கள் (முழுத் துறவு பெறாத இளம் துறவிகள்). 1979ஆம் ஆண்டின் பிரிவெனாக் கல்விச் சட்டத்தின் கீழ் அரசு உதவி வருகிறது. பள்ளி அதிபரே பல இடங்களில் விகாரையின் தலைவரான விகாராதிபதியும்கூட. சிக்கல் எல்லாம் அந்த இரட்டைப் பொறுப்பில்தான் இருந்தது, ஆனால் அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

முதல் நாள் நான் செய்த பிழைகள் கொஞ்சமல்ல. காலை அமர்வைப் பன்னிரண்டரை வரை போட்டிருந்தேன். உச்சிப்பொழுதுக்கு முன் பிக்குகளின் தானம் (பகல் உணவு) முடிந்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் அட்டவணை போடும்போது பழக்கதோஷத்தில் பாடசாலை நேரத்தையே எழுதிவிட்டேன். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிக் குழு பிரித்தேன். பிக்குகளிடையே மூப்பு என்பது வயதையோ பதவியையோ வைத்து வருவதில்லை, உபசம்பதா (முழுத் துறவு) பெற்று எத்தனை வஸ் (மழைக்காலத் தங்கல்) கழிந்தது என்பதை வைத்து வருவது. ஒவ்வொரு குழுவிலும் மூத்த தேரர் (பிக்கு) பேசினார், மற்றவர்கள் தலையசைத்தார்கள். நிறுவனங்களில் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுத்திருந்தேன், எல்லாவற்றிலும் 'மிக நன்று' என்றே திரும்பி வந்தது.

தேநீர் நேரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தேரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "என்னிடம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் காலையில் வந்ததும் என்னை வணங்குகிறார்கள். வணங்கிவிட்டு எப்படிக் குறை சொல்வார்கள்? என்னைவிட மூத்த பிக்கு ஆசிரியர் இருவர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் எப்படி உத்தரவு போடுவது?" இடித்துச் சொல்ல ஆளே இல்லாத இடத்தில் ஒருவர் அதிபராக இருக்கிறார். நான் கொண்டுபோன பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த மாதம் படிவங்களை எடுத்துப் போகவில்லை. உங்களுக்குள் குறையை எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். மூத்த தேரர் ஒருவர் பவாரணையை விளக்கினார். மூன்று மாத வஸ் முடியும் பௌர்ணமியில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன், என்னிடம் கண்டதோ கேட்டதோ ஐயப்பட்டதோ இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள், குறையை உணர்ந்தால் திருத்திக்கொள்வேன் என்று வேண்டிக்கொள்வது. மூத்தவரும் வேண்டிக்கொள்ள வேண்டும். புத்தரே தம் சீடர்களிடம் அப்படிக் கேட்டதாகப் பௌத்த சூத்திரத்தில் இருக்கிறது. நான் எங்கெங்கோ தேடியது அவர்களிடம் காலங்காலமாக இருந்தது!

இதையே பள்ளியில் செய்யலாமே என்று சொன்னதும் அதே மூத்த தேரர் மறுத்தார். அது உபசம்பதா பெற்ற பிக்குகளுக்கிடையிலான சங்கச் செயல், சாமணேரர்களையோ இல்லறத்தாரையோ அதில் சேர்க்க முடியாது. அவர் சொன்னது சரிதான். நீண்ட வாதத்துக்குப் பிறகு சடங்கைத் தொடாமல் அந்த மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர்கள் பெயரில்லாத துண்டில் கண்டது, கேட்டது, ஐயப்பட்டது என்று பிரித்து எழுதுவார்கள். அதிபர் வாசித்து, அடுத்த கூட்டத்தில் எதை மாற்றப் போகிறேன் என்று தானே சொல்ல வேண்டும். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. பிரித்து எழுதுவதில் ஒரு பயன் இருந்தது: வதந்தி 'கேட்டது' என்றே வந்தது, அதை யாரும் குற்றச்சாட்டாக எடுக்கவில்லை.

முதலில் செய்து பார்த்தவர் அந்த இளம் தேரர். வந்த துண்டுகளில் பாதி ஒரே விஷயம். மரண வீட்டுக்கும் தானத்துக்கும் பிரித் ஓதுவதற்கும் சாமணேரர்களை அழைத்துப்போவதால் கணித பாடம் விடுபடுகிறது. அவர் பதிவேட்டை எடுத்து எண்ணினார், அந்த மாதம் 20 பாடவேளையில் 8 போயிருந்தது. அழைப்பை மறுத்தால் தாயக சபை (விகாரைக்கு உதவும் ஊரார் சபை) மனம் கோணும், பள்ளிக் கூரைக்குப் பணம் கொடுப்பவர்களும் அவர்களே. விகாராதிபதியாக அவர் போகச் சொன்னதை அதிபராக அவரே தடுக்க வேண்டும். அன்றைய அமர்வு முழுவதையும் இந்த ஒரு கதைக்கே கொடுத்தோம். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அதே பிரச்சினை. கடைசியில் அவர் தாயக சபையைக் கூட்டி, அந்தப் பதிவேட்டையே காட்டி, பரீட்சை வகுப்பு மாணவர்களை வார நாட்களில் அனுப்புவதில்லை, மற்றவர்கள் முறை வைத்து வருவார்கள் என்று பேசி முடித்தார். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டன. அடுத்த மாதம் 3 பாடவேளைதான் விடுபட்டது.

எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை. ஓரிடத்தில் துண்டுகள் வெறுமையாகவே வந்தன, இன்னோரிடத்தில் ஒரு கூட்டத்தோடு கைவிட்டார்கள். மூத்த பிக்குகளுக்கு வேலை சொல்வது எப்படி என்ற கேள்விக்கும் முழு விடை கிடைக்கவில்லை. உத்தரவு போடாமல் அவர்களிடம் ஆலோசனை கேட்டுத் தொடங்குவது ஓரளவு உதவியது.

கடைசி அமர்வு முடிந்து புறப்படும்போது, மறுத்துப் பேசிய அந்த மூத்த தேரர் என்னை நிறுத்தி ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "நீங்கள் என் பிரிவெனாவுக்கு இரண்டு தடவை வந்தீர்கள், ஒன்றும் எழுதவில்லையே" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினேன். கண்டது: இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஜன்னலோரம் இருக்கும் பொடி ஹாமுதுரு (சின்னச் சாமணேரர்) கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், பக்கத்திலிருப்பவரின் கொப்பியைப் பார்த்தே எழுதுகிறார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். பையனைக் கண் வைத்தியரிடம் தானே கூட்டிப்போனாராம், கண்ணாடி வந்துவிட்டதாம்.