அம்மையாரோட நரம்பு ஒருவழியா ஒட்டிடுச்சு

மூணு வாரம் உயிர வாங்கின பைண்டிங் (உடம்பு அசைஞ்சா நரம்பும் கூட அசையற மாதிரி ஒட்டறது) நேத்து ராத்திரி வேலை செஞ்சிடுச்சு, சந்தோஷத்துல தூக்கமே வரல. பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல காரைக்கால் அம்மையார் உருவம் பண்றேன்ல, அதுதான். புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் அவனுக்காகச் சுமந்த தசையை எடுத்துடு, பேய் வடிவம் குடுன்னு கேட்டு வாங்கினவங்க. குயர் பொண்ணா வளர்ந்த எனக்கு இவங்கள விட நெருக்கமான உருவம் கிடையாது.

உடம்புக்கு ரெஃபரன்ஸ் அவங்க பாட்டேதான். 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து'ன்னு ஒரு பெண்பேய வர்ணிக்கறாங்க, அது அவங்களேதான்னுதான் நான் படிக்கறேன். அந்த எழுந்த நரம்பத்தான் ஒளி ஓடற கேபிளா மாத்தணும்னு ஆசை. 1991ல அடிலெய்டுல நாலு பெண்கள் ஆரம்பிச்ச விஎன்எஸ் மேட்ரிக்ஸ்ங்கற பெண்ணிய கலைக்குழு உடம்பையும் மெஷினையும் கலந்த விதம் மனசுல ரொம்ப நாளா இருக்கு, ஆனா நம்ம பேயுருவுல அதுக்கான இடம் எப்பவோ இருந்திருக்கு.

சிக்கல் போஸ்லதான். செப்புச்சிலைகள்ல உக்காந்து தாளம் போடுவாங்க, எனக்கு கைலாயத்துக்குத் தலைகீழா போற அம்மையார் வேணும் (பெரியபுராணத்துல தலையால நடப்பாங்க, நான் கையையும் ஊன்ற வச்சிட்டேன்). ரெஸ்ட் போஸ்ல (அசைக்கறதுக்கு முன்னாடி இருக்கற நிலை) நரம்புக்காக வரைஞ்ச கர்வ் கோடெல்லாம் தோல் மேல அழகா படுத்திருக்கும், கைய மேல தூக்கினதும் தோள்பட்டைல பாதி நரம்பு உள்ள போயிடும், மீதி காத்துல தொங்கும். வெயிட் டிரான்ஸ்ஃபர் (எந்த எலும்பு தோல எவ்வளவு இழுக்கும்ங்கற கணக்க நரம்புக்கும் காப்பி பண்றது) பண்ணிப் பாத்தேன், அக்குள்கிட்ட கந்தல். ஒரு பரப்பு அசைஞ்சா இன்னொண்ணையும் கூட அசைக்கற சர்ஃபேஸ் டிஃபார்ம் போட்டா, டார்கெட்ல (நரம்பு ஒட்ட வேண்டிய உடம்பு) கான்கேவ் பாலிகன், அதாவது உள்பக்கம் குழிஞ்ச முகம் இருக்குன்னு பைண்டே ஆகல. வாக்ஸெல் ரீமெஷ் பண்ணின (பரப்ப சின்னச் சின்ன கட்டமா மறுபடி கட்டின) பழைய ஸ்கல்ப்ட்டையே டார்கெட்டா குடுத்திட்டிருந்தேன், விலா எலும்பு இடுக்குல எல்லாம் கோணலான நாலுமுனைக் கட்டம். கடைசில நரம்பு இல்லாத லோ பாலி (கட்டங்கள் கம்மியான) உடம்பு ஒண்ணு தனியா வச்சு, அத ட்ரையாங்குலேட் பண்ணி (எல்லா கட்டத்தையும் முக்கோணமாக்கி, முக்கோணம் உள்பக்கம் குழியாது), ரெஸ்ட் போஸ்லயே கர்வ மெஷ்ஷாக்கி (கோட்ட பரப்பா மாத்தி) அதோட பைண்ட் பண்ணினேன். ஒரே கிளிக். இப்ப முழங்கைய மடக்கினா நரம்பும் கூடவே மடங்குது, அத மட்டும் ஒரு அம்பது தடவ மடக்கிப் பாத்திருப்பேன்!

போன வருஷம் ஒரு கடைல ரெசின் 3டி பிரிண்ட் குடுத்து விரல் எல்லாம் உடைஞ்சு வந்துச்சு, அதனால இந்த தடவ பிரிண்ட் கிடையாது, ஸ்க்ரீன்லதான்.

கை தரைல இருக்கு, தாளத்த எங்க வைக்கறதுன்னு இன்னும் முடிவாகல. கணுக்கால்ல கட்டிவிடலாமான்னு பாக்கறேன். கண்ணு, பல்லு, முடி எதுவும் தொடல, ஆனா அதுக்குள்ள ஔவையார் ஃபைல் ஒண்ணு திறந்துட்டேன், கல்யாணம் வேணாம்னு முதுமைய கேட்டு வாங்கினவங்க, இவங்க பக்கத்துல நிக்க வேண்டியவங்க. தோல் சுருக்கத்துக்கு நல்ல ஆல்ஃபா பிரஷ் (படத்த வச்சு தோல் மேல வடிவம் பதிக்கற பிரஷ்) யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க.