இரண்டு அம்மா நின்ற வாசல்

மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மலைக்கோட்டைப் படி ஏறினோம். உச்சிப் பிள்ளையார் வரை 417 படிகள். முட்டிவலியோடு அத்தையும் அவருக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் மெல்ல வர, நானும் எட்டு வயது மகளும் முன்னால் போனோம்.

அவளைப் பெற்றவள் போய் மூன்று வருஷம். நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாசம். இன்னும் அவள் என்னை அம்மா என்றோ சித்தி என்றோ கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். தலை பின்னிவிட மட்டும் கிட்டவே விடமாட்டாள். அது பாட்டியின் வேலை.

தாயுமானவர் சன்னதியில் ஒரு குடும்பம் வாழைத்தாரோடு நின்றது. சுகப்பிரசவத்துக்கான வேண்டுதல். "எதுக்கு இவ்வளவு பழம்?" என்று கேட்டாள். ரத்னாவதியின் கதையைச் சொன்னேன். நிறைமாசக்காரி. அவளுடைய அம்மா புறப்பட்டு வரும் வழியில் காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே வலி எடுத்துவிட்டது. சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து பார்த்தால், வாசலில் இன்னொரு அம்மா!

"அப்புறம்?"

"அப்புறம் சாமி மறைஞ்சுட்டார்."

கொஞ்ச நேரம் லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எங்கம்மா வந்தா நீங்களும் போயிடுவீங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. என்னைப் பிடிக்காமல்தான் ஒதுங்குகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுபடி ஒருத்தரைப் பறிகொடுக்கப் பயந்துதான் இருந்திருக்கிறாள். "அம்மாவால வரமுடியாது கண்ணு. அப்படியே வந்தாலும் நான் போகமாட்டேன். நாங்க ரெண்டு பேருமா உன்னைப் பார்த்துப்போம்" என்றேன். அவளுக்கும் தெரியும், அம்மா வரமாட்டாள் என்று. ஆனாலும் 'வந்தா' என்பதற்கு அந்த மனசில் ஓர் இடம் இருக்கிறது. அதை நான் எதற்குப் பறிக்க வேண்டும்?

தீபாராதனையின்போது எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அப்பா, தாயும் ஆனவனே, எப்படி ஆனாய் என்று எனக்கும் சொல்லிக்கொடு என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்து மட்டுவார்குழலி அம்மன். தேன் சிந்தும் பூச்சூடிய நீண்ட கூந்தல்காரி என்று பெயருக்கு அர்த்தம் சொன்னேன். குருக்கள் தந்த பூவை வாங்கி அவள் கையிலேயே கொடுத்தேன்.

அத்தை இன்னும் மேலே வந்து சேரவில்லை. வெளியே வந்ததும், மகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தாள். ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கீழே படிகளை எட்டிப் பார்த்தாள், பிறகு என்னை. ஒன்றும் சொல்லாமல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ரிப்பனையும் பூவையும் தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.