ஆயாவிடம் சொன்ன பதில்

பதவி உயர்வுப் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. தலைப்பு, இதழ், ஆண்டு, ஆசிரியர் வரிசையில் நம் பெயர் எத்தனையாவது என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். எங்கள் துறையில் முதல் பெயர் கைப்பட வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வை நடத்தியவருடையது. போன மாதம் அதை நிரப்ப உட்கார்ந்தேன். காசநோயின் நோயெதிர்ப்பியலில் 19 வருட வேலை, 23 கட்டுரைகள். எழுதி முடித்ததும் நிறைவாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த ஆயாவின் நினைவு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அந்த இரண்டு மாதத்தில் பெரும்பாலானவர்களின் சளியில் கிருமி இல்லாமல் போய்விடும், சிலருக்குப் போகாது. யாருக்குப் போகாது என்பதை மருந்து தொடங்கும் நாளிலேயே ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்க்க நினைத்தோம். ரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சேர்த்து 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால், அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள், இன்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்களை, சுரக்கும். மறுநாள், அவற்றின் அளவை நிறத்தால் காட்டும் எலிசா சோதனைத் தட்டின் 96 குழிகளில் மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்போம். 60 நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தோம்.

அவர்களில் ஒருவர்தான் அந்த ஆயா. ஒப்புதல் படிவத்தை நான் வாசித்துக் காட்டும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத்தினி ரத்தம் எடுத்துக்கினு போறியே கண்ணு, எனக்கு இன்னா நல்லது?” என்றார்.

“உங்களுக்கு ஒண்ணுமில்ல ஆயா. உங்களுக்கு அப்புறம் இந்த நோய் வர்றவங்களுக்கு உதவும்” என்றேன்.

“சரி, எடுத்துக்கோ” என்று கையை நீட்டினார். மெலிந்த கை, நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துக் கணக்குப் போட்டால் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை. கிருமி போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஒரே மாதிரி அளவுகள். எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன், புதுமை இல்லை என்று திரும்பி வந்தது. “வித்தியாசம் இல்லைங்கிறதை யார் போடுவாங்க? அடுத்ததைப் பாரும்மா” என்றார் அப்போதைய என் மேலாளர். நானும் அடுத்ததைப் பார்த்தேன். அந்தத் தவறு அவருடையது மட்டுமல்ல, இன்னோர் இதழுக்கு அனுப்ப என்னை யாரும் தடுக்கவில்லை.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயமா இது? புது மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவதே செங்கல்பட்டு ஆய்வைத்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி அல்லது மருந்தில்லாத வெறும் ஊசி போட்டு, யாருக்கு எது போட்டோம் என்று கண்காணிப்பவர்களுக்கே தெரியாதபடி வைத்து, வீடு வீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் 1979-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அதை அப்படியே அச்சிட்டார்கள். 15 வருடக் கண்காணிப்பின் முடிவையும் 1999-ல் வெளியிட்டார்கள், அப்போதும் அதே பதில்தான். குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் பிசிஜி போடுவது இன்றும் தொடர்கிறது. பெரியவர்களுக்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்று இன்று உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அதில் அந்தக் கட்டுரைகளுக்குப் பெரிய பங்குண்டு. இதையெல்லாம் வகுப்பில் உருகி உருகிச் சொல்லிவிட்டு, என் அலமாரியில் 60 பேரின் ரத்தக் கணக்கைப் பூட்டி வைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரிலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். “மேடம், நீங்க இதை ஏற்கெனவே பண்ணியிருக்கீங்கன்னு எங்க சார் இப்பதான் சொன்னார். நான் எவ்வளவோ தேடினேன், கிடைக்கலையே?” அவளும் அதே கேள்வியை எடுத்து, அதே சைட்டோகைன்களை அளந்து, அதே வெறுமையில் வந்து நின்றிருந்தாள். எத்தனை பேரின் கையைக் குத்தியிருப்பாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னிடமிருந்த அளவுகளை அவளுக்கு அனுப்பி வைத்தேன். அப்போதும் எழுதவில்லை.

படிவத்தை 23 வரிகளோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே பழைய குறிப்பேடுகளை இறக்கி, அந்த மாணவியையும் சேர்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாயிற்று. இரண்டாவது அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. 41-ம் நோயாளியின் இரண்டாம் மாதச் சளி முடிவு என் குறிப்பேட்டில் மங்கிப் போயிருக்கிறது. நாளைக் காலை பதிவறை திறந்ததும் போய் மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.